தோல் சொல்லும் குருதியின் செய்தி

கிழக்கிலங்கையின் கடற்கரையோரமாகப் பெரியநீலாவணையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்னும் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு முதலிய ஊர்களும் உள. கிழக்கே கடல்; மேற்கே வயல். கடலிலே தோணி செலுத்துவோன் உப்பு நீரிலும் வெயிலிலும் தோய்கின்றான். வயலிலே நிற்போன் சேற்றிலே முழங்காலளவு புதைகின்றான். மருதமுனையின் தறிக்காரர் சாயத்திலே கை நனைக்கின்றனர். ஆகவே, இக்கரையோரத்து மக்களுக்குத் தோலிலே ஏற்படும் வருத்தம் புதுமையன்று. சொறி, சிரங்கு, படை, தேமல், கரப்பான் எனத் தனித்தனிப் பெயரிட்டு அவற்றை அவர்கள் அறிந்திருக்கின்றனர். தேங்காயெண்ணெயோ பரிசாரியார் தரும் களிம்போ பூசினால் பெரும்பாலானவை மாறிவிடுகின்றன.

பெரும்பாலானவை மாறிவிடும் என்பதனாலேயே மாறாத சிலவற்றைக் குறித்து எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கின்றது. தோலிலே தோன்றும் அடையாளம் சில வேளைகளில் தோலுக்கு உரியதன்று. உள்ளே ஓடும் குருதிக்கு உரியது. குருதிப் புற்றுநோய்களுட் சில, உடல் மெலிவதற்கும் காய்ச்சல் காய்வதற்கும் முன்னரே, தோலிலே ஒரு திட்டாகவோ, சிறு செம்புள்ளியாகவோ, ஓயாத அரிப்பாகவோ தம் வருகையை அறிவிக்கின்றன. இவ்வறிவிப்பை மனிதன் வாசிக்கக் கற்றுக்கொண்ட வரலாறு நீண்டது. அவ்வரலாற்றின் ஒரு பகுதி அரபு வைத்தியர்களின் ஏடுகளிலும், ஒரு பகுதி பாரிஸ் நகரத்து வைத்தியசாலையிலும், ஒரு பகுதி சென்னை மருத்துவக் கல்லூரியில் கற்ற ஒருவரின் உழைப்பிலும் கிடக்கின்றது. அதனை அறிவதற்கு முன், இக்கரையோரத்தார் தோலின் அடையாளத்தை ஏன் மறைக்கப் பழகினர் என்பதை அறிதல் வேண்டும்.

இலங்கையிலே தோலின் அடையாளம் நெடுங்காலமாக ஒரே அச்சத்தையே எழுப்பியது. அது பெருநோய் எனப்படும் தொழுநோயின் அச்சம். ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டிலே கொழும்புக்கு வடக்கே ஹெந்தலையில் தொழுநோய் வைத்தியசாலையொன்றை நிறுவினர். பின்னர் பிரித்தானியர் காலத்திலே, 1901ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தொழுநோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைப்பதற்கு அதிகாரம் அளித்தது. மட்டக்களப்பு வாவியின் நடுவேயுள்ள மாந்தீவு கிழக்கு மாகாணத்து நோயாளரை வைத்திருக்கும் இடமாயிற்று. கல்முனைக் கரையோரம் அம்பாறை மாவட்டத்தோடு சேர்ந்தது 1961ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன் அது மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. ஆகவே, மாந்தீவு என்ற சொல் இவ்வூர்களுக்கு அந்நியமான சொல்லன்று. தோணியேறித் தீவுக்குச் சென்றவர் மீண்டும் கரைக்கு வருவது அரிது என்ற எண்ணம் மக்கள் மனத்திலே ஊன்றியது.

அச்சட்டத்தின் நோக்கம் நோய் பரவாமற் காப்பதாயிருக்கலாம். ஆனால், அதனால் விளைந்த பழக்கம் வேறு. உடலில் ஒரு வெளிறிய திட்டைக் கண்டவன் அதனை வைத்தியருக்குக் காட்டவில்லை, மறைத்தான். காட்டினால் வீட்டைவிட்டுப் பிரிக்கப்படுவான்; அவன் சகோதரிகளுக்குக் கலியாணம் பேசுவோர் வரமாட்டார். ஆதலால், நோய் முற்றி, விரல்கள் மடங்கி, இனி மறைக்க முடியாது என்ற நிலை வந்த பின்னரே அவன் வெளிப்பட்டான். தோலின் அடையாளத்தை மறைத்தல் என்னும் பழக்கம் இவ்வாறு வேரூன்றியது. அப்பழக்கத்தின் விலையை இன்று தொழுநோயைவிட அரிதான வேறு நோய்களும் வாங்கிக்கொண்டிருக்கின்றன.

ஓர் அடையாளத்தைக் கண்டு அஞ்சுவது ஒன்று. அதனைப் பிரித்தறிவது வேறொன்று. பிரித்தறியும் வழியை வைத்திய உலகுக்குக் கற்பித்தவர்களுள் அரபு மொழியில் எழுதிய வைத்தியர்களுக்குச் சிறப்பான இடமுண்டு. ஒன்பதாம் பத்தாம் நூற்றாண்டுகளில் ரை நகரிலும் பக்தாதிலும் வைத்தியம் புரிந்த அபூபக்கர் அர்-ராஸி, பெரியம்மைக்கும் சின்னமுத்துக்கும் தனி நூல் எழுதி, இரண்டின் வேறுபாடுகளையும் தெளிவாகக் காட்டினார். இரண்டிலும் காய்ச்சல் உண்டு. இரண்டிலும் தோலிலே செம்மை எழும். ஆயினும், தோன்றும் முறை, உடன்வரும் துன்பங்கள், முடிவு ஆகியவற்றை வரிசையாக நோக்கினால் இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பது புலப்படும் என்று அவர் விளக்கினார். தோல் வெளுக்கும் நோயைப் பரஸ் என்றும் தொழுநோயை ஜுதாம் என்றும் இரு வேறு பெயரால் வழங்கும் மரபும் அரபு வைத்தியத்தில் இருந்தது. வெண்மை கண்ட இடமெல்லாம் தொழுநோய் எனக் கொள்ளாத அறிவு அது.

ஸ்பெயின் நாட்டு மாலகாவிற் பிறந்து 1248ஆம் ஆண்டிலே டமஸ்கஸ் நகரில் மறைந்த இப்னு அல்-பைத்தார் என்னும் மூலிகை அறிஞர், இவ்வரலாற்றுக்கு மிகவும் வேண்டிய ஒரு குறிப்பை விட்டுச் சென்றார். வட ஆபிரிக்காவிலே பெர்பர் குலத்தார் சிலர் ஒரு செடியின் விதையை வெண்தோல் நோய்க்கு மருந்தாகக் கொடுத்து, நோயாளியை வெயிலிலே இருத்துகின்றனர் என்பது அக்குறிப்பு. மருந்து மட்டும் போதாது, வெயிலும் வேண்டும். அத்ரிலால் என்ற பெயரால் அறியப்பட்ட அச்செடி நைல் நதிக்கரைகளிலும் வளர்ந்தது. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கழித்து இக்குறிப்பு ஒரு புற்றுநோயின் சிகிச்சைக்கு வழிவகுக்கும் என்று அவர் கனவிலும் கருதியிருக்க மாட்டார்.

இனி, பாரிஸ் நகருக்கு வருவோம். அங்கே சென் லூயி வைத்தியசாலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தோல் நோய்களுக்கென ஒதுக்கப்பட்டது. அதன் வைத்தியரான ஜோன் லூயி அலிபேர் 1806ஆம் ஆண்டிலே ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அந்நோயாளியின் உடலிலே முதலிற் செதிள் உதிரும் திட்டுக்கள் தோன்றின. பின்னர் அவை தடித்தன. இறுதியில் காளான் முளைத்தாற்போலக் கட்டிகள் எழுந்தன. காளானைப் போன்ற தோற்றத்தைக் கண்ட அலிபேர், 1832ஆம் ஆண்டில் அந்நோய்க்கு மைக்கோசிஸ் பங்கோயிடிஸ் என்று காளானின் பெயரையே சூட்டினார். அது காளானால் வந்த நோயன்று. பூஞ்சணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும், தோற்றத்தைக் கண்டு வைத்த பெயர் இரு நூற்றாண்டுகளாக நிலைத்துவிட்டது. பார்வைக்கு ஒத்தவை எல்லாம் ஒன்றல்ல என்ற ராஸியின் பாடம் இங்கேயும் நினைவிற்கு வருகின்றது.

அதே பிரெஞ்சு மரபில் வந்த ஏர்னெஸ்ட் பஸாங் 1870ஆம் ஆண்டிலே அந்நோயின் நடையை மூன்று படிகளாக வகுத்தார். முதற்படி திட்டு, இரண்டாம் படி தடிப்பு, மூன்றாம் படி கட்டி. ஒரு படியிலிருந்து மறுபடிக்குச் செல்லப் பல ஆண்டுகள் கழியலாம். சிலரிடத்து முதற்படியிலேயே நோய் வாழ்நாள் முழுதும் நின்றுவிடுவதுமுண்டு. அலிபேர் கண்டது நோயின் முடிவை; பஸாங் காட்டியது அதன் தொடக்கத்தை. தொடக்கம் எவ்வளவு அடக்கமானது என்பதுதான் கவனிக்கத்தக்கது. அத்திட்டு வலிப்பதில்லை. சிலரிடத்தே அரிக்கும், சிலரிடத்தே அரிப்பும் இராது. வெயில் படாத இடங்களையே அது பெரிதும் நாடுகின்றது. இடுப்பு, தொடை, பிட்டம், மார்பின் பக்கம் முதலிய, உடையால் மறைந்த இடங்களிலே அது தோன்றுவதே வழக்கம்.

திட்டுக்கும் குருதிக்கும் என்ன தொடர்பு என்பதைப் பஸாங் அறிந்திருக்கவில்லை. அதற்குக் குருதியைப் பற்றிய அறிவு வளர வேண்டியிருந்தது. 1845ஆம் ஆண்டிலே எடின்பரோவில் ஜோன் ஹியூஸ் பெனற்றும், சில வாரங்கள் கழித்துப் பேர்லினில் ருடோல்ப் விர்ஹோவும், ஒரே வகையான வியப்பை வெளியிட்டனர். இறந்த நோயாளியின் குருதி வெளிறிச் சீழ்போலக் காட்சியளித்தது. பெனற் அதனைச் சீழ் என்றே கருதினார். விர்ஹோவோ அது சீழன்று, குருதியிலே இயல்பாக உள்ள வெண்கலங்கள் அளவின்றிப் பெருகிய நிலை என்று கண்டார். 1847ஆம் ஆண்டில் அதற்கு லியூக்கேமியா, அதாவது வெண்குருதி, என்று பெயரிட்டார். பின்னர் போல் ஏர்லிக் என்னும் இளைஞர் சாயங்களைக் கொண்டு குருதிக் கலங்களுக்கு நிறமூட்டும் முறையை வகுத்தார். ஒரே வெண்மையாகத் தோன்றிய கலங்கள் பல இனத்தவை என்பது நுணுக்குக்காட்டியின் கீழே அப்பொழுது வெளிப்பட்டது.

தோலும் குருதியும் ஒன்றாகச் சந்தித்த நாள் 1938ஆம் ஆண்டிலே வந்தது. ஆல்பேர் செசாரி என்னும் பிரெஞ்சு வைத்தியர், உடல் முழுதும் சிவந்து கடும் அரிப்பினால் துன்புற்றவரிடத்து, தோலில் மட்டுமன்றிக் குருதியிலும் உருக்குலைந்த பெரிய கலங்கள் இருப்பதைத் தம் உடனுழைப்பாளரோடு சேர்ந்து கண்டறிந்தார். தோலில் இருந்தவனும் குருதியில் ஓடியவனும் ஒரே கள்வன் என்பது அவ்வாறு தெரியவந்தது. 1970களிலே அக்கலத்தின் குலமும் தெளிவாயிற்று. நோய்க்கிருமிகளை எதிர்த்து உடலைக் காக்கும் வெண்குருதிக் கலங்களுள் 'டி' வகை நிணநீர்க்கலம் என்று ஒன்றுண்டு. காவலாளியான அக்கலமே கட்டுமீறிப் பெருகித் தோலிலே குடியேறுவதே இந்நோய். 1975ஆம் ஆண்டு முதல் இவ்வினத்து நோய்கள் தோலின் டி-கல நிணநீர்ப் புற்றுநோய்கள் என்று பொதுப்பெயர் பெற்றன.

ஐரோப்பிய வைத்தியர் எழுதிய நூல்களில் இத்திட்டுச் செந்நிறமாகவே வருணிக்கப்பட்டது. வெண்ணிறத் தோலிலே அவர்கள் கண்டது அதுவே. ஆனால், கருமையும் மாநிறமும் வாய்ந்த தோலிலே இந்நோய் வேறொரு கோலம் பூணுவதுண்டு. திட்டு வெளிறிப்போய்த் தேமல் போலத் தோன்றும். இவ்வகை தென்னாசிய மக்களிடத்தும், ஆபிரிக்க வழி வந்தோரிடத்தும், மத்திய கிழக்கு நாட்டாரிடத்தும் கூடுதலாகக் காணப்படுகின்றது. இளைஞரிடத்தும், சில வேளைகளிற் சிறுவரிடத்தும் தோன்றுகின்றது. கல்முனைக் கரையோரத்தில் வாழ்வோர்க்கு இச்செய்தியே மிக நெருங்கியது. ஏனெனில், இங்கே வெளிறிய திட்டு ஒன்று தோன்றினால் அது பெரும்பாலும் சாதாரணத் தேமலாகவே இருக்கும். சிலரிடத்தே அது தொழுநோயாயிருக்கும். மிகச் சிலரிடத்தே அது குருதிப் புற்றுநோயின் முதற்படியாயிருக்கும். கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலத் தெரியும்.

இவற்றைப் பிரித்தறியும் வழிகள் உள. தேமல் பூஞ்சணத்தால் வருவது. பெரும்பாலும் மார்பிலும் முதுகிலும் கழுத்திலும் நுண்ணிய செதிளோடு தோன்றும். உரிய மருந்திற்கு அடங்கும். தொழுநோய்த் திட்டிலே பல வேளைகளில் உணர்ச்சி குன்றியிருக்கும், பஞ்சு தொட்டாலும் தெரியாது, நரம்புகள் தடித்திருப்பதுமுண்டு. புற்றுநோய்த் திட்டிலே உணர்ச்சி பெரும்பாலும் குன்றாது. ஆனால் அது எம்மருந்துக்கும் முற்றாக மாறாது, மாதங்களும் ஆண்டுகளும் நின்று, மெல்லப் பெருகும். ஐயம் நீங்காதபோது, தோலிலிருந்து சிறு துணுக்கொன்றை வெட்டியெடுத்து நுணுக்குக்காட்டியிலே வைத்துப் பார்ப்பர். முதலாவது துணுக்கிலேயே விடை கிடைக்கும் என்பதுமில்லை. காலம் விட்டு மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டியும் வரும். இந்நோய் உறுதியாவதற்கு உலகெங்கும் பல ஆண்டுகள் கழிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்நோய்க்கு மருந்து தேடிய கதையிலேதான் இப்னு அல்-பைத்தாரின் செடி மீண்டும் தோன்றுகின்றது. 1940களின் பிற்பகுதியிலே கெய்ரோவில் எகிப்திய இரசாயனவியலாளர் அச்செடியின் விதையிலிருந்து அதன் செயற்படு பொருளைப் பிரித்தெடுத்தனர். கெய்ரோ மருத்துவக் கல்லூரியின் தோல்நோய்ப் பேராசிரியரான அப்துல் முனிம் அல்-முப்தி அதனை வெண்தோல் நோயாளருக்குக் கொடுத்து, வெயிலிலே இருக்கச் செய்து, பயன் கண்டார். பழைய ஏட்டின் கூற்று சோதனையிலே மெய்யாயிற்று. 1974ஆம் ஆண்டிலே அமெரிக்க வைத்தியர் வெயிலுக்குப் பதிலாக ஊதாக்கடந்த கதிர் விளக்கைப் பயன்படுத்தி, அதே மருந்தைச் செதிளுதிரும் சோரியாசிஸ் நோய்க்கு வழங்கினர். 1976ஆம் ஆண்டிலே அலிபேர் கண்ட நோய்க்கும் அது பயன்படுவது வெளியாயிற்று. 1987ஆம் ஆண்டிலே இன்னுமொரு படி ஏறினர். நோயாளியின் குருதியை வெளியே எடுத்து, அதன் வெண்கலங்களை இம்மருந்தோடு சேர்த்துக் கதிரொளி பாய்ச்சி, மீண்டும் உடலிலே செலுத்தும் முறை செசாரியின் நோய்க்குப் பயன் தருவதைக் காட்டினர்.

தமிழ் வைத்தியத்திலே வெண்தோலுக்குக் கார்போக அரிசி வழங்கப்பட்டு வந்தது. அதிலும் இதே இனத்துப் பொருள் உள்ளது என்பது இருபதாம் நூற்றாண்டிலே அறியப்பட்டது. 1929ஆம் ஆண்டிலே கொழும்பில் தொடங்கப்பட்ட சுதேச வைத்தியக் கல்லூரி ஆயுர்வேதத்தோடு சித்தம், யூனானி ஆகியவற்றையும் கற்பித்தது. ஆகவே, இம்மருந்துகளின் மரபு இந்நாட்டிலும் கல்வியாக நிலைபெற்றது. எனினும் ஒன்றை மறத்தலாகாது. இம்மருந்து அளவு மீறினால் தோலை எரித்துப் புண்ணாக்கும். கண்ணுக்கும் கேடு செய்யும். நோய் இன்னதெனத் தெரியாமல் தாமாக அரைத்துப் பூசுவதும் உண்பதும் அறிவுடைமையாகா.

இதுவரை கூறியது மெல்ல நடக்கும் நோய். குருதிப் புற்றுநோய்களுள் விரைந்து ஓடுபவையும் உள. அவையும் தோலிலே எழுதிவிட்டே செல்கின்றன. 1882ஆம் ஆண்டிலே இத்தாலிய அறிஞர் ஜூலியோ பிஸ்ஸோஸெரோ குருதிச் சிறுதட்டுக்களையும், அவை குருதி உறைவதற்கு உதவும் முறையையும் விளக்கினார். என்புமச்சையிலே புற்றுக்கலங்கள் நிறைந்துவிட்டால் சிறுதட்டுக்கள் பிறப்பதற்கு இடமில்லாமற் போகின்றது. அப்பொழுது நுண்ணிய குழாய்களிலிருந்து குருதி கசிந்து, தோலிலே ஊசிமுனையளவு செம்புள்ளிகளாகத் தெரியும். விரலால் அழுத்தினாலும் அவை மறையா. கருந்தோலிலே அவை எளிதிற் புலப்படா; கணைக்காலிலும் வாயின் உட்புறத்திலும் நோக்கினால் தென்படும். அடிபடாமலே கன்றிப்போதல், பல்லீறிலே குருதி கசிதல், முகம் வெளிறுதல், ஓயாத காய்ச்சல் என்பன உடன் வரலாம். மழைக்காலத்திலே இக்கரையோரத்தில் டெங்குக் காய்ச்சல் வருகின்றபோதும் இத்தகைய புள்ளிகள் தோன்றுவதுண்டு. ஆகவே, புள்ளியைக் கண்டு புற்றுநோய் என்று கலங்கவும் வேண்டா. டெங்குதான் என்று வீட்டிலே இருந்துவிடவும் வேண்டா. இரண்டுமே அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய காரணங்கள். ஒரு சிறு குருதிப் பரிசோதனை முதலாவது வழியைக் காட்டிவிடும்.

அரிப்பும் ஒரு செய்தியாகலாம். இலண்டன் வைத்தியர் தோமஸ் ஹொட்ஜ்கின் 1832ஆம் ஆண்டிலே விவரித்த நிணநீர்ப் புற்றுநோயிலே, தோலில் ஒரு தடிப்புமில்லாமல் உடலெங்கும் அரிப்பது சிலருக்கு முதல் அறிகுறியாக அமைகின்றது. செங்குருதிக் கலங்கள் மிகையாகும் வேறொரு நோயிலே குளித்தபின் அரிப்பு எழுகின்றது. 1964ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் றொபேட் டக்ளஸ் ஸ்வீற் என்னும் தோல் வைத்தியர், திடீர்க் காய்ச்சலோடு நோவுடைய சிவந்த தடிப்புகள் தோன்றும் ஒரு நிலையை வெளியிட்டார். அத்தகையோருட் சிலரிடத்துக் குருதிப் புற்றுநோய் ஒளிந்திருப்பது பின்னர் அறியப்பட்டது. அரிப்புக்கும் தடிப்புக்கும் ஆயிரம் எளிய காரணங்கள் உள. ஆனால், காரணம் தெரியாது வாரக்கணக்காக நீடிக்கும் அரிப்பிலே, இரவு வியர்வையும் எடை குறைதலும் கழுத்திலோ கக்கத்திலோ நெறி கட்டுதலும் சேர்ந்துகொண்டால், அதனை உதறிவிடலாகாது.

கண்டறிந்தாலும் செய்வதற்கு என்ன இருக்கின்றது என்று கேட்கும் காலம் ஒன்றிருந்தது. அக்காலத்தை முடித்துவைத்தோருள் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியிலே பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவ். ஆந்திர நாட்டிலே 1895ஆம் ஆண்டிற் பிறந்த அவர், அமெரிக்கா சென்று, போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கிய குழுவை வழிநடத்தினார். அவ்வமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினோப்டெரின் என்னும் பொருளும் அவருடைய ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. போஸ்ற்றன் நகரத்து வைத்தியர் சிட்னி பாபர் அதனை வெண்குருதிப் புற்றுநோயுற்ற பிள்ளைகளுக்குக் கொடுத்தார். 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் வெளியிட்ட அறிக்கையின்படி 16 பிள்ளைகளுள் 10 பேர் தற்காலிகமாகவேனும் தேறினர். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே சுப்பாராவ் தமது 53ஆம் வயதில் மறைந்தார். அதற்கு முன் அந்நோயுற்ற பிள்ளைக்கு வாரங்களோ மாதங்களோதான் ஆயுள்.

அடுத்த மருந்து கல்முனைக் கடற்கரை மணலிலும் மையவாடி ஓரங்களிலும் தானாக வளரும் பட்டிப்பூச் செடியிலிருந்து வந்தது. தமிழகத்தார் நித்தியகல்யாணி என்பர். சிங்களத்தார் பிணத்தின் பூ என்னும் பொருளிலே பெயர் வைத்தனர். ஜமெய்க்காவிலே நீரிழிவுக்குக் கசாயமாகக் குடித்த அதன் இலைகளைக் கனடாவிலே றொபேட் நோபிள், சார்ள்ஸ் பியர் ஆகியோர் ஆராய்ந்தனர். நீரிழிவு குறையவில்லை, வெண்குருதிக் கலங்களே குறைந்தன. அவ்வழியே 1958ஆம் ஆண்டளவில் வின்பிளாஸ்டினும், பின்னர் வின்கிறிஸ்டினும் கிடைத்தன. இன்று சிறுவரின் வெண்குருதிப் புற்றுநோய்களுள் மிகுதியாக வரும் வகையிலே, வசதியுள்ள நாடுகளில், பத்துப் பிள்ளைகளுள் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர். இலையைக் கசக்கிக் குடிப்பதால் அப்பயன் வராது, அது நஞ்சு. அளந்து பிரித்தெடுத்த மருந்தே பயன் தருவது.

மாந்தீவின் அச்சத்துக்கும் இன்று காரணமில்லை. 1980கள் முதல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையினால் தொழுநோய் முற்றாகக் குணமாகின்றது. மருந்து இலவசம். சிகிச்சை தொடங்கியபின் நோயாளி விரைவிலே பிறருக்குத் தொற்றாதவராகின்றார். கிழக்கு மாகாணத்திலே இன்றும் புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர். அவர்கள் தம் வீட்டிலிருந்தே மருந்துண்டு தேறுகின்றனர். ஆகவே, பிரித்துவைக்கும் கொடுமை போயிற்று; மறைக்கும் பழக்கமோ போகவில்லை.

அப்பழக்கம் இன்று பெரிதும் பெண்களின் தோளிலேயே ஏறியிருக்கின்றது. கலியாணத்துக்கு நிற்கும் குமர்ப்பிள்ளையின் தொடையிலோ இடுப்பிலோ ஒரு திட்டுத் தோன்றினால், அதனை உம்மாவுக்குக்கூடச் சொல்லாமல் மறைப்பதுண்டு. சொன்னாலும், ஊருக்குத் தெரியாமல் மருந்துக்கடையிலே ஒரு களிம்பு வாங்கிப் பூசுவதோடு காரியம் முடிந்துவிடும். அக்களிம்புகளிற் பல ஸ்டீரொயிட் கலந்தவை. அவை அரிப்பைத் தணித்துத் திட்டை மங்கச் செய்யும், நோயை அகற்றா. தேமலிலே பூசினால் அது பரவும். புற்றுநோய்த் திட்டிலே பூசினால் அடையாளம் மங்கி, வைத்தியரின் கண்ணுக்கும் நுணுக்குக்காட்டிக்கும் தப்பிவிடும். உடையால் மறைந்த இடத்தையே தேடி வரும் நோயும், மறைந்த இடத்தை வெளியிடாத நாணமும் ஒன்றுசேர்ந்தால் ஆண்டுகள் வீணே கழிகின்றன.

அவ்வாண்டுகளின் மதிப்பு சிறிதன்று. அலிபேரின் நோய் திட்டு நிலையிலே, தோலின் சிறு பகுதியோடு நிற்கையில் கண்டறியப்பட்டால், அந்நோயாளரின் ஆயுள் மற்றையோரின் ஆயுளுக்கு ஏறத்தாழச் சமமாகவே அமைகின்றது. கதிரொளியும் களிம்புகளும் பெரும்பாலும் போதுமாகின்றன. கட்டி நிலைக்கு வந்தபின் அவ்வாறு கூற இயலாது.

ஆகையால், உறுதியாகச் செய்யத்தக்கவை சில. ஆறு மாதத்துக்கு மேலாக மருந்துக்கு மாறாது நிற்கும் திட்டு, மெல்லப் பெருகும் வெளிறிய அல்லது சிவந்த படை, தடித்து எழும் கட்டி ஆகியவற்றைத் தோல் வைத்திய நிபுணரிடம் காட்டுதல் வேண்டும். காரணமின்றிக் கன்றுதலும், அழுத்தினால் மறையாத செம்புள்ளிகளும் தோன்றினால் நாளைக்கென்று தள்ளுதல் கூடாது. கல்முனையிலே அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் உள. ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்திலே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை உண்டு. வேண்டுமாயின் மஹரகமவிலுள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அவர்களே அனுப்பிவைப்பர். அரசாங்க வைத்தியசாலைகளிலே இவற்றுக்குக் கட்டணமில்லை. பெண் வைத்தியரைக் கேட்டுக்கொள்வதும், உம்மாவையோ சகோதரியையோ உடன் அழைத்துச் செல்வதும் யாருக்கும் உரிமை.

தோலிலே தோன்றும் அடையாளங்களுள் மிகப் பெரும்பாலானவை அற்பமானவை. அவற்றைக் கண்டு அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. ராஸி இரண்டு நோய்களைப் பிரித்துக் காட்டியதும், பஸாங் மூன்று படிகளை வகுத்ததும், செசாரி தோலையும் குருதியையும் இணைத்ததும் எவ்வாறு இயன்றன? நோயாளர் தம் உடலை வைத்தியர்முன் காட்டியதனாலேயே இயன்றன. சென் லூயியிலே படுத்திருந்த அந்த முதல் நோயாளிக்கு அலிபேரினால் மருந்து எதுவும் கொடுக்க இயலவில்லை. ஆயினும், அவர் காட்டிய திட்டு ஏட்டிலே எழுதப்பட்டதனால், பின்வந்த எண்ணிறந்தோர் பிழைத்தனர். இன்று மருந்தும் உண்டு, வைத்தியசாலையும் அருகிலுண்டு. காட்டுவதற்குத் துணியும் மனமொன்றே இன்னும் வேண்டியிருக்கின்றது.